சாமியிடம் சொன்ன பிறகும்

1931-ஆம் ஆண்டு இறுதியில் கல்கத்தாவிலிருந்து வியன்னாவுக்கு ஒரு பார்சல் போய்ச் சேர்ந்தது. பிரித்தால் உள்ளே தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு. அந்த ஆண்டு 75 வயது நிறைந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அனுப்பிய பிறந்தநாள் பரிசு அது. கடவுள் என்பவர் ஆதரவற்ற மனித மனம் தனக்காக உண்டாக்கிக்கொண்ட தகப்பன், மதம் ஒரு பிரமை என்று நான்கே ஆண்டுகளுக்கு முன் தனிப் புத்தகமே எழுதியவருக்குப் பெருமாளை அனுப்பிவைக்கத் துணிச்சல் வேண்டும். கொஞ்சம் குறும்பும் வேண்டும். ஃபிராய்ட் அந்தச் சிலையை எழுதும் மேசையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு தந்தத்திலும் மரப்பீடத்திலும் விரிசல் விட்டபோது, கல்கத்தாவில் பழகிய சாமிக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தன் குறிப்பேட்டில் கேட்டுவைத்தார்.

சங்கத்தை 1922-இல் தொடங்கியவர் கிரீந்திரசேகர் போஸ் என்ற வங்காள மருத்துவர். ஃபிராய்டை அவர் நேரில் பார்த்ததே இல்லை. உறவு, கருத்து மோதல் இரண்டும் கடிதத்திலேயே நடந்தன. ஐரோப்பிய நோயாளிகளை வைத்து ஃபிராய்ட் கண்ட சில முடிவுகள் தன்னிடம் வரும் இந்தியர்களுக்கு அப்படியே பொருந்தவில்லை என்று போஸ் தயங்காமல் எழுதினார். நோயாளிகளின் கனவுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்ட அதே மனிதர் பகவத் கீதைக்கு வங்காள மொழியில் விளக்கம் எழுதினார், புராணங்களை ஆராய்ந்தார். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தன.

சாமியும் சிகிச்சையும் சேர்ந்து இருக்க முடியுமா? மனநல சிகிச்சைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் தமிழ் வீடுகளில் இன்றும் பேச்சு முட்டி நிற்கும் இடங்களில் இந்தக் கேள்வி ஒன்று. கட்டணம் எவ்வளவு, எத்தனை வாரம் என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். "மாரியாத்தாகிட்ட சொல்லியாச்சு, அவளுக்குத் தெரியாததா? அதுக்கு மேல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட போய் வீட்டு விஷயத்தைக் கொட்டணுமா?" என்று அம்மா கேட்பார். "அஞ்சு வேளை தொழுறவனுக்கு எங்கேயிருந்து டிப்ரெஷன் வருது?" என்பார் இன்னொரு வீட்டு அத்தா. ஜெபத்தில் குறை இருக்கிறது என்று போதகர் சொல்லிவிட்டுப் போவார். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, ஏற்கெனவே இருக்கிற துயரத்தோடு 'என் பக்தியும் போதவில்லை' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் அப்போது இருந்தது. பெரும்பாலான சிக்கல்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறாமலேயே இருந்தார்கள். டாக்டர் பற்றாக்குறை, பணமில்லாமை, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எல்லாம் காரணம்தான். கடவுளுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற உறுத்தலை எண்ணிப் பார்ப்பது கடினம். அது இல்லாமல் இல்லை.

அந்த உறுத்தலுக்கு ஃபிராய்டின் நாத்திகமும் ஒரு காரணம். பேச்சால் மனத்தைக் குணப்படுத்தும் வித்தையைத் தொடங்கிவைத்தவரே கடவுளை மறுத்தவர் என்றால், அந்த அறைக்குள் போகிறவர் கடவுளை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போகவேண்டுமோ? ஃபிராய்டின் சொந்த வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் சூரிச் நகரத்துப் பாதிரியார் ஆஸ்கர் ஃபிஸ்டர். 1909-இல் தொடங்கிய அவர்களுடைய கடிதப் போக்குவரத்து ஃபிராய்டின் கடைசிக் காலம்வரை நீடித்தது. இந்த முறைக்குத் தன்னளவில் மதமும் இல்லை, மத விரோதமும் இல்லை. துன்பப்படுகிறவரை விடுவிக்க உதவுமென்றால் பாதிரியாரும் இதைத் தாராளமாகக் கையாளலாம் என்று ஃபிராய்ட் முதல் ஆண்டிலேயே அவருக்கு எழுதினார். 1927-இல் 'ஒரு பிரமையின் எதிர்காலம்' வெளிவந்தபோது ஃபிஸ்டர் உறவை முறித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே அந்தத் தலைப்பைத் தலைகீழாக்கி, 'ஒரு எதிர்காலத்தின் பிரமை' என்று மறுப்பு எழுதினார். விஞ்ஞானம் மட்டுமே மனிதனைக் கரையேற்றிவிடும் என்பதும் ஒரு நம்பிக்கைதானே என்பது அவர் வாதம். அதை வெளியிட்டது ஃபிராய்ட் நடத்திய பத்திரிகையே.

சரி, கோயிலுக்குப் போனால் மனம் குணமாகுமா? இந்தக் கேள்வியைக் கிண்டலில்லாமல் கேட்ட டாக்டர்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டு கோடையில், தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். வந்தபோது ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை, மருத்துவமனைகளில் பயன்படுத்தும் அளவுகோலாலேயே அறிகுறிகளை மதிப்பிட்டார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே பேயோட்டல் இல்லை, மாத்திரை இல்லை, கட்டணமும் இல்லை. காலையில் ஒரு சின்ன வழிபாடு. பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கியிருந்தார். யாரும் விரட்டாத, யாரும் இளக்காரமாகப் பார்க்காத ஓர் இடமே வேலை செய்திருக்கவேண்டும் என்பது அவர்கள் ஊகம். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சின்ன ஆய்வு அது; இதைக் காட்டி மாத்திரையை நிறுத்துகிறவர் ஏமாந்துபோவார். ஆனாலும் அந்த 20 சதவீதத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது.

அந்த ஆய்வு நடந்து ஓராண்டு ஆன சமயம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். சில நாட்களுக்குள் அந்த வட்டாரக் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

ஏர்வாடியைக் காட்டி நம்பிக்கையை மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். ஆனால் சங்கிலி தர்காவின் கட்டளையாக வரவில்லை. அது காப்பகம் நடத்தியவர்களின் வசதிக்காகவும், வீட்டில் வைத்துப் பார்க்க வழி தெரியாத குடும்பங்களின் கைவிடுதலாலும் வந்தது. விஞ்ஞானத்தின் பெயரில் நடந்த இடங்களின் நிலைமையும் பெருமைப்படும்படி இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், நாட்டின் பல அரசு மனநல மருத்துவமனைகள் சிறைச்சாலைபோல நடந்துவந்தது தெரியும். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் ஒரு காரியம் செய்திருந்தார். நோயாளிகளின் குடும்பத்தாரை வரவழைத்து, வளாகத்தில் கூடாரம் அடித்து உடன் தங்கவைத்தார். முத்துசாமி கோயிலில் வழக்கத்தால் நடந்ததை அவர் மருத்துவமாகவே செய்தார்.

ஆகவே கோயிலா டாக்டரா என்று கேட்பதைவிட உபயோகமான கேள்வி ஒன்று இருக்கிறது: உள்ளே போனவர் தன் வாயால் பேச முடிகிறதா, வேண்டாம் என்றால் எழுந்து வெளியே வர முடிகிறதா? தர்கா, கோயில், ஜெபக்கூட்டம், மருத்துவமனை, ஆலோசனை மையம் எல்லாவற்றையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ஆம் பிரிவில், எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. தடை சங்கிலிக்குத்தான், வழிபாட்டுக்கு இல்லை. திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடுவதற்காக மனநோயாளிகளை அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். அர்ச்சகர் முகத்தில் தீர்த்தம் அடித்துத் தெளிப்பார். அந்த வழக்கத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 'தவா-துஆ', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற திட்டம் 2008 வாக்கில் தொடங்கியது. அங்கே தர்கா ஊழியர்களே நோயாளிகளைப் பக்கத்து அறையில் இருக்கும் டாக்டரிடம் அனுப்புகிறார்கள். பின்னர் ஏர்வாடியிலும் இதே ஏற்பாடு வந்தது. துஆ ஒரு வாசலில், மாத்திரை அடுத்த வாசலில்.

வினைப்பயன் பற்றிய கேள்வி இன்னும் ஆழமானது. போன பிறவியில் செய்ததை இப்போது அனுபவித்துக் கழிக்கிறோம் என்றால், சிகிச்சை செய்து அதைத் தடுப்பது கணக்கை இழுத்தடிப்பது ஆகாதா? பக்தியுள்ள பலர் இதை மனதார நம்பிக் கேட்கிறார்கள். 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அவர்கள் மறுபடி வாயே திறக்கமாட்டார்கள். ஆனால் தமிழ் மரபு இதற்கு ஒருபோதும் ஒற்றைப் பதில் வைத்திருந்ததில்லை. திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் ஊழ். அதைவிட வலியது எதுவும் இல்லை என்கிறார் வள்ளுவர். 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அங்கே சலிக்காமல் முயல்பவர் அந்த ஊழையே புறமுதுகிட வைப்பார் என்கிறார். இரண்டையும் எழுதிவிட்டு அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தவிர, பல் வலிக்கும்போது யாரும் வினைப்பயன் என்று பொறுத்துக்கொள்வதில்லை. கால் முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கோ ஆர்த்தோ டாக்டரிடமோ ஓடுகிறோம். மனத்துக்கு மட்டும் ஊழை ஏன் இவ்வளவு கறாராக அமல்படுத்துகிறோம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பௌத்தம் இந்த இடத்தில் ஒரு பிரிவினை செய்தது. சல்ல சுத்தம் என்ற பாலி உரையில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார். முதல் அம்பு உடம்பில் தைக்கும் வலி. அதை யாரும் தவிர்க்க முடியாது. அந்த வலியை நினைத்து மருகுவதும் புலம்புவதும் இரண்டாவது அம்பு. இன்றைய சிகிச்சைகள் பல இந்த இரண்டாவது அம்பைத்தான் பிடுங்கப் பார்க்கின்றன. அமெரிக்காவில் ஜான் கபட்-ஸின் 1979-இல் பௌத்தத் தியானத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது தெரிந்த கதை.

அவ்வளவாகத் தெரியாதது அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹனின் கதை. 1961-இல் 17 வயதில் அவர் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பெண், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே இருந்தார். சில ஆண்டுகள் கழித்து, சிகாகோவில் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோது பேரொளி சூழ்ந்ததுபோல் உணர்ந்ததாகவும், அன்றிலிருந்து தன்மீதே அன்பு வந்ததாகவும் பிற்பாடு சொன்னார். அதன் பிறகு உளவியல் படித்துப் பேராசிரியரானார். ஜென் குருமாரிடம் பயின்றார். தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காக டிபிடி என்ற சிகிச்சை முறையை உருவாக்கினார். இன்று உலகம் முழுக்கப் பயன்படுவது அது. தானும் ஒரு நோயாளியாக இருந்ததை 2011-இல்தான் பொதுவில் சொன்னார்.

கவனிக்க வேண்டியது அந்தச் சிற்றாலயத்துக்குப் பிறகு அவர் செய்த வேலை. தனக்கு அருள் கிடைத்தது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தன்னிடம் வந்தவர்களிடம் 'போய் ஜெபியுங்கள், ஒளி வரும்' என்று அவர் சொல்லவில்லை. அருள் ஒருவருக்கு வரும், ஒருவருக்கு வராது. வராதவரிடம் அதைக் கேட்பது கொடுமை. அதனால் கோபம் தலைக்கேறும்போது மூச்சை எப்படி விடுவது, நள்ளிரவில் கை பரபரக்கும்போது அடுத்த பத்து நிமிடத்தை எப்படிக் கடப்பது என்று, கற்றுக்கொடுக்கக்கூடிய சின்னச் சின்னப் பயிற்சிகளாக அதைப் பிரித்துவைத்தார். நம்பிக்கைக்கும் சிகிச்சைக்கும் இடையே உள்ள எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை அரிது.

முன்பின் தெரியாதவரிடம் அந்தரங்கத்தைச் சொல்லலாமா? கத்தோலிக்கர்களுக்கு இது புதிதில்லை. 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது. கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குக் கடும் தண்டனையையும் விதித்தது. அந்த ரகசியத்துக்குத் திருச்சபைச் சட்டத்தில் விதிவிலக்கே கிடையாது. ஆலோசகரின் ரகசியத்துக்கு உண்டு, அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் என்றாலோ, நீதிமன்றம் கேட்டாலோ தேவையான அளவுக்கு மட்டும் சொல்ல இடம் தருகிறது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆகவேண்டும். நல்ல ஆலோசகர் இதையெல்லாம் கேட்காமலேயே சொல்லிவிடுவார். 'என்னிடம் சொன்னது எந்தக் காலத்திலும் வெளியே போகாது' என்று அளவில்லாமல் வாக்குக் கொடுப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

பாவசங்கீர்த்தனத்தோடு இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே தான் செய்த தப்பைச் சொல்லவேண்டும். ஆலோசனை அறையில் தனக்குச் செய்யப்பட்ட தப்பையும் சொல்லலாம். மாமா வீட்டில் பத்து வயதில் நடந்ததைத் தன் பாவமாகவே முப்பது ஆண்டு சுமந்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. அவள் சொல்வதை அம்மன் கேட்டாள். 'அப்போ உனக்கு என்ன வயசு? கூட யார் இருந்தாங்க? இதுல உன் தப்பு எது?' என்று அம்மன் திருப்பிக் கேட்கவில்லை. அந்தத் திருப்பிக் கேட்பதற்குத்தான் எதிரே ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

எதிரே இருப்பவர் குருவா? ஜஸ்வந்த் சிங் நேகி என்ற சீக்கிய மனநல மருத்துவர் 1973-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேல்நாட்டில் சிகிச்சையாளர் ஒதுங்கியே உட்கார்ந்திருப்பார், நோயாளி தானே தன் முடிவுக்கு வரவேண்டும். இந்தியாவில் வருகிறவர் எதிர்பார்ப்பது கை பிடித்து அழைத்துப்போகும் ஒருவரை. குரு-சீடர் உறவின் நல்ல அம்சங்களை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஆலோசகர் கேட்டதும், "அதைக் கேக்கத்தானே சார் உங்ககிட்ட வந்தேன்?" என்று குழம்பிப்போகாத தமிழர் குறைவு. ஜாதகம் பார்ப்பவர் அரைமணி நேரத்தில் பரிகாரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். இவர் நாலு வாரமாகக் கேள்வியே கேட்கிறார் என்ற எரிச்சலும் இயல்புதான். ஆனால் குருவாக உட்காரும் ஆளை எதிர்த்துப் பேசச் சீடனுக்கு வாய் வராது. கேட்ட அறிவுரை பலிக்காவிட்டால் குறை சீடனுடைய சரணாகதியில் என்று ஆகிவிடும். ஆசிரமங்களிலிருந்து வந்த வழக்குகளைப் படித்தவர்களுக்கு இது எங்கே கொண்டுபோய்விடும் என்று தெரியும். அறிவுரை குறைவாகச் சொல்லும் ஆலோசகர் அந்த வகையில் ஒரு பாதுகாப்பு.

அறிவுரையே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவர் ஒரு பாதிரியார். சாட் வாரா 1935-இல் லிங்கன் நகரத்தில் இளம் குருவாக இருந்தபோது, 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கத்தை நடத்தினார். முதல் மாதவிலக்கை ஏதோ கெட்ட நோய் என்று நினைத்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டவள். கேட்பதற்கு ஒரு ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். 18 ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பர் 2 அன்று, லண்டனில் தன் தேவாலயமான செயின்ட் ஸ்டீஃபன் வால்ப்ரூக்கில், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் அழைப்பதற்கென்று வைத்த தொலைபேசியில் அவர் முதல் அழைப்பை எடுத்தார். செய்தி பரவியதும் கூட்டம் வந்தது. தனக்காகக் காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சில தன்னார்வலர்களை வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருக்கு ஒன்று புலப்பட்டது. டீ குடித்துக்கொண்டே தன்னார்வலரிடம் மனம்விட்டுப் பேசியவர்களில் பலர், அவரைப் பார்க்காமலேயே முகம் தெளிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1954 பிப்ரவரியில் கேட்கும் வேலையை அவர் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி உருவானது. அங்கே மதப் பிரசங்கம் கூடாது என்பது விதி. ஒரு பாதிரியார் தொடங்கிய இயக்கத்தில். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகாவும் கேட்பதையே வேலையாகக் கொண்ட தன்னார்வலர்களால் நடப்பது.

தன்னார்வலரின் காது பெரிய காரியம். ஆனால் அது சிகிச்சைக்கு மாற்று கிடையாது. ஒ.சி.டி எனும் எண்ணச்சுழல் நோய் உள்ளவர் பூஜை அறைக்குள் நுழையுமுன் நாற்பது முறை கை கழுவுகிறார் என்றால், அது ஆசாரமா நோயா என்று பிரித்துப் பார்க்கப் பயிற்சி தேவை. அதை ஆசாரம் என்றே குடும்பம் பத்து ஆண்டு மெச்சிக்கொண்டிருப்பது நடக்கிறது. தெய்வத்தின் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், அது திருவிழா அன்று மட்டும் சாமி வந்து இறங்கும் வழக்கமா, தூக்கமும் சாப்பாடும் போய் வாரக்கணக்கில் நிற்காமல் கேட்கிற குரலா என்பது முக்கியம். முதலாவது ஊர் அறிந்த, ஊர் ஒப்பிய ஒன்று. இரண்டாவதற்கு டாக்டர் தேவை, சீக்கிரம் தேவை.

யாரிடம் போவது என்பதில் நடைமுறைக் குழப்பம் நிறைய. மாத்திரை எழுதக்கூடியவர் மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை செய்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவருக்குப் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்லவேண்டும். 'கவுன்சலர்' என்ற பலகையை மாட்டுவதற்குத்தான் இங்கே கெடுபிடி குறைவு. ஆறு வார ஆன்லைன் சான்றிதழோடு மாட்டியவரும் உண்டு, முறையாக முதுகலை படித்துப் பல ஆண்டு அனுபவம் பெற்றவரும் உண்டு. என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. நகரங்களில் தனியார் கட்டணம் ஒரு அமர்வுக்குச் சில நூறிலிருந்து இரண்டு மூவாயிரம் வரை போகும். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசம். ஒரு அமர்வு பெரும்பாலும் 45-50 நிமிடம், வாரம் ஒருமுறை. சிபிடி (சிந்தனை-நடத்தை சிகிச்சை) போன்ற முறைகளில் 12 முதல் 20 அமர்வுகள் வழக்கம். ஆயுளுக்கும் போகவேண்டியிருக்குமோ என்ற பயம் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

ஆன்லைனா நேரிலா? கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. அதற்குப் பிறகு வீடியோ வழி ஆலோசனை சாதாரணமாகிவிட்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு அது நேரில் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட இணையாகவே பலன் தருகிறது. துபாயில் வேலை செய்பவர் தமிழில் பேச ஒருவரைத் தேடும்போது வேறு வழியும் இல்லை. ஆன்லைனில் சிக்கல் இடம்தான். இரண்டு அறை வீட்டில் பூஜை அறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. ஹாலில் மாமியார் சீரியல் பார்க்கிறார். இந்த நிலையில் மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? மொட்டை மாடி, நிறுத்திவைத்த கார், மதிய நேரத்து அலுவலக மீட்டிங் ரூம் என்று ஆட்கள் இடம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தாலோ, குரல்கள் கேட்டாலோ, வீட்டிலேயே அடிக்கிற ஆள் இருந்தாலோ நேரில் போவதே நல்லது. உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய மத்திய அரசின் இலவச சேவை அது, நாள் முழுக்க இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

ஆலோசகருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா, என்ன மதம் என்று கேட்கலாமா? கேட்கலாம். சிலர் நேராகப் பதில் சொல்வார்கள். சிலர் அது ஏன் உங்களுக்கு முக்கியம் என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டுமே முறையான பதில்தான். விரதத்தைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ சொன்னதும் உதட்டைச் சுழிப்பவர் முறையானவர் இல்லை. சிகிச்சைக்கு நடுவே தன் குருஜியின் முகாமுக்கு வரச் சொல்பவர், ஜெபக் குழுவில் சேரச் சொல்பவர், ராசிக்கல் மோதிரம் பரிந்துரைப்பவரும் முறையானவர் இல்லை. மூன்று நான்கு அமர்வுக்குள் இது சரிவராது என்று தோன்றினால் அவரிடமே சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடலாம். காரணம் விளக்கவேண்டிய கட்டாயம் இல்லை. புதிதாகப் பார்க்கப்போகும் டாக்டரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி அழவேண்டியதும் இல்லை. பழைய இடத்திலிருந்து தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள 2017 சட்டத்தின் 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது.